காற்றறிந்து கடலோடல்

மத்தியதரைக் கடலின் கிளையே ஏட்ரியாட்டிக் கடல். அதன் கிழக்குக் கரையில் குரோவேசியா நாடு உள்ளது. அங்கே சுண்ணாம்புப் பாறை மலைகள் கடலோரத்திலேயே செங்குத்தாக எழுகின்றன. கரையை ஒட்டி 1,000-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உள்ளன. கோடைக்காலத்தில் பலர் பாய்மரப் படகேறித் தீவு தீவாகப் பயணம் செய்வர்.

தென்காற்றைத் தென்றல் என்றும் வடகாற்றை வாடை என்றும் தமிழர் அழைப்பதுபோல, அக்கடலோடிகளும் காற்றுகளுக்குப் பெயரிட்டுள்ளனர். கோடைப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து வீசும் இதமான காற்று ‘மாயெஸ்த்ரால்’. அது பாயை நிரப்பிப் படகைச் செலுத்தும்.

‘பூரா’ அத்தகையதன்று. மலைகளுக்குப் பின்னால் தேங்கிய குளிர்காற்று, கணவாய்கள் வழியே கடல்மீது திடீரெனப் பாய்வதே பூரா. அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடப்பதும் உண்டு. வெலெபித் மலைமுகட்டில் வெண்முகில் தொப்பிபோலப் படிந்தால், பூரா வரக்கூடும் என மாலுமிகள் உணர்வர். கடல் அமைதியாக இருப்பினும் பாயைச் சுருக்கி, காற்று மறைவான குடாவை நாடுவர். நங்கூரமிட்டு, கரைப்பாறையிலும் கயிற்றைப் பிணைப்பர். காற்றுத் தணியும்வரை காத்திருப்பர். உரிய நேரத்தில் பயணத்தை நிறுத்துவதும் கடலோடியின் திறமையே.

சொற்பொருள்
முகடு – உச்சி
குடா – நிலத்தினுள் வளைந்து நுழைந்த கடற்பகுதி

வினா
பூரா வருவதை மாலுமிகள் எவ்வாறு அறிகின்றனர்?