'ஃப்ரீரென்' அனிமே: சண்டை குறைவு, ஆனாலும் மனத்தைத் தொடுவது ஏன்?

"செம சீரிஸ், கண்டிப்பா பாரு!"

நண்பர் அப்படிச் சொல்லும்போது, "அதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் சட்டென்று பதில் வராது.

மாயாஜால அனிமே தொடர் ஒன்றை எப்படி எடைபோடலாம்? 'ஃப்ரீரென்: பியாண்ட் ஜர்னிஸ் எண்ட்' தொடரை வைத்துப் பார்ப்போம்.

(கதையின் சில பகுதிகள் கீழே இடம்பெறுகின்றன.)

எந்தத் தொடர் அது?

கனேஹிதோ யமாடா எழுதி, ட்சுகாசா அபே வரையும் மங்கா 2020இல் தொடங்கியது. அதை மேட்ஹவுஸ் நிறுவனம் அனிமேயாகத் தயாரித்தது. 2023 செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது. முதல் சீசனில் 28 எபிசோடுகள்.

கதை எங்கே தொடங்குகிறது?

அசுரராஜனை வீழ்த்துவதுதான் இத்தகைய கதைகளில் வழக்கமான முடிவு. இங்கே அதுதான் தொடக்கம்.

வீரர் ஹிம்மெலும் அவரின் குழுவும் 10 ஆண்டுப் பயணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். குழுவில் இருக்கும் ஃப்ரீரென் ஓர் எல்ஃப். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அவருக்கு 10 ஆண்டு ஒரு கண் சிமிட்டல் மாதிரி.

50 ஆண்டு கழித்து அவர் திரும்பி வரும்போது ஹிம்மெல் கிழவராகிவிட்டார். விரைவில் இறந்தும் போகிறார். இறுதிச் சடங்கில்தான் ஃப்ரீரென் அழுகிறார். கூடவே இருந்த மனிதரைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யவே இல்லையே என்ற வருத்தம்.

அந்த வருத்தம்தான் அவரை மறுபடி பயணம் போக வைக்கிறது.

மாயத்துக்கு விதி உண்டா?

'நினைத்ததெல்லாம் நடக்கும்' என்றால் கதையில் பதற்றம் இருக்காது.

இந்தத் தொடரில் மாயம் ஒரு துறை மாதிரி வளர்கிறது. குவால் என்ற அசுரன் கண்டுபிடித்த கொலை மந்திரத்தை ஒரு காலத்தில் யாராலும் தடுக்க முடியவில்லை. அவனைச் சிறைவைக்கத்தான் முடிந்தது. சுமார் 80 ஆண்டுக்குப் பின் அவன் வெளியே வரும்போது, மனிதர்கள் அதை ஆராய்ந்து தற்காப்பும் கண்டுபிடித்துவிட்டனர். ஃப்ரீரெனின் மாணவி ஃபெர்ன்கூட அதைத் தடுத்துவிடுகிறார்!

காலம் யாருக்காகவும் நிற்காது என்பதை ஒரு சண்டைக் காட்சியே சொல்லிவிடுகிறது.

சின்ன விஷயங்கள் சும்மா வந்து போகின்றனவா?

ஹிம்மெலின் சிலையைச் சுற்றி அவரின் ஊர்ப் பூவை நட வேண்டும். அதற்காக ஃப்ரீரென் ஆறு மாதம் தேடுகிறார். ஒரு பூவுக்கு இவ்வளவு நேரமா என்று ஃபெர்ன் கவலைப்படுகிறார்.

உயிரோடு இருந்தபோது கொடுக்காத நேரத்தை இப்போது கொடுக்கிறார். யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை. ஹிம்மெல் இறந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்ற வரி மட்டும் அவ்வப்போது திரையில் வந்து போகும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. 18ஆவது எபிசோடில் தொடங்கும் மந்திரவாதித் தேர்வில் புதுமுகங்கள் நிறைய. பெயர்களை நினைவில் வைப்பதே சிரமம். அமைதியான பயணக் கதையை ரசித்தவர்களுக்கு அது வேறு தொடர் போலத் தெரியலாம். வேகமான கதையை எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் எபிசோடுகள் ரொம்ப மெதுவாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் பலம் எது?

ஒரே கேள்வி போதும். மாயத்தை எடுத்துவிட்டால் கதை அப்படியே நிற்குமா?

நின்றால், மாயம் வெறும் அலங்காரம்.

ஃப்ரீரெனின் நீண்ட ஆயுளை எடுத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை. 'அப்புறம் பேசிக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் பழக்கத்தை அந்த ஆயுள்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அடுத்த முறை "ஏன் பார்க்கணும்?" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லிப் பாருங்கள்.