மின்னழுத்தக் குறைப்பும் மடிக்கணினி வெப்பமும்: கணக்கீட்டு நம்பகத்தன்மை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மடிக்கணினியின் மையச் செயலியும் வரைகலைச் செயலியும் வெளியிடும் வெப்பத்தைக் குறைப்பதற்கு, அவற்றுக்கு அளிக்கப்படும் மின்னழுத்தத்தைச் சிறிதளவு தாழ்த்துவது பயனுள்ள வழியாகும். இம்முறையின் இயற்பியல் அடிப்படையையும் செயல்முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. கணினி நின்றுவிடாமல் இயங்குவது மட்டுமே இவ்வமைப்பு சரியானது என்பதற்குச் சான்றாகாது; கணக்கீட்டு விடைகளின் சரித்தன்மையே உரிய அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மின்னழுத்தக் குறைப்பு, செயலி வெப்பம், வரைகலைச் செயலி, கடிகார அதிர்வெண், கணக்கீட்டுப் பிழை.

முன்னுரை

மடிக்கணினியின் மெல்லிய உடலுக்குள் வெப்பத்தை வெளியேற்றுவதற்கான இடம் குறைவு. புள்ளியியல் கணக்கீடு, படச்செயலாக்கம் போன்ற பணிகள் நெடுநேரம் நிகழும்போது சில்லின் வெப்பநிலை விரைந்து உயர்கிறது. இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியசு உச்ச வரம்பாக உள்ளது. அதை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விசிறியைத் தூய்மை செய்வதும் வெப்பக்கடத்துப் பசையை மாற்றுவதும், உண்டான வெப்பத்தை வெளியேற்ற உதவும் வழிகள். மின்னழுத்தக் குறைப்போ வெப்பம் உண்டாவதையே குறைக்கிறது.

இயற்பியல் அடிப்படை

டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது செலவாகும் திறன், மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருபடி, அதிர்வெண் ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் மின்னழுத்தத்தை 1.00 வோல்ட்டிலிருந்து 0.90 வோல்ட்டாகக் குறைத்தால், இத்திறன் 0.81 மடங்காகிறது. அதாவது, 10 விழுக்காட்டுக் குறைப்பு 19 விழுக்காட்டுச் சேமிப்பைத் தருகிறது. மின்கசிவால் வீணாகும் திறனும் இதனுடன் குறைகிறது.

டிரான்சிஸ்டரின் அளவு சுருங்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் தாழ்த்தினால், ஒரு பரப்பலகில் செலவாகும் திறன் மாறாது என்று இராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் விளக்கினர். மின்கசிவு மிகுந்ததால் 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னர் மின்னழுத்தத்தை அவ்விகிதத்தில் தாழ்த்த இயலவில்லை. இன்றைய சில்லுகளின் வெப்பச் சிக்கலுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

குறைப்பதற்கான இடைவெளி

ஒரே வார்ப்பில் உருவான சில்லுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. தரம் தாழ்ந்த சில்லும், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், வெப்பம் மிகுந்த நிலையிலும், பணிச்சுமை திடீரென உயர்ந்து மின்னழுத்தம் கணநேரம் சரியும்போதும் பிழையின்றி இயங்க வேண்டும். இதற்காக உற்பத்தியாளர்கள் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைப் பாதுகாப்பு இடைவெளியாகச் சேர்க்கின்றனர். பயனர் குறைப்பது இந்த இடைவெளியின் ஒரு பகுதியையே. அது சில்லுக்குச் சில்லு மாறுபடுவதால், ஒரு கணினிக்குப் பொருந்திய அளவு அதே வகையைச் சார்ந்த மற்றொரு கணினிக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

செயல்முறை

இன்டெல் செயலிகளில் 'திராட்டில்ஸ்டாப்' போன்ற மென்பொருள்களின் வழியாகவோ பயாஸ் அமைப்பின் வழியாகவோ மின்னழுத்தத்தை மில்லிவோல்ட் அளவில் குறைக்கலாம். ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகளில், வசதி அளிக்கப்பட்டுள்ள கணினிகளில் மட்டும், ஒவ்வொரு கருவத்திற்குமான மின்னழுத்த வளைகோட்டைத் தாழ்த்த இயலும். என்விடியா வரைகலைச் செயலிகளில் 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' மென்பொருளில் மின்னழுத்தம்–அதிர்வெண் வளைகோட்டைத் திருத்த வேண்டும். குறைந்த மின்னழுத்தப் புள்ளி ஒன்றுக்கு வேண்டிய அதிர்வெண்ணை அமைத்து, அதற்கு மேற்பட்ட பகுதியைச் சமதளமாக்கினால், செயலி அப்புள்ளியைக் கடந்து உயர்வதில்லை.

இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. இக்காலச் செயலிகள் திறன் வரம்பை எட்டும்வரை தம் அதிர்வெண்ணைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. எனவே, மின்னழுத்தக் குறைப்பால் மிஞ்சிய திறனை வேகத்திற்கே செலவிட்டுவிடக்கூடும். அந்நிலையில் கணக்கீடு விரைவாக முடியுமேயன்றி, வெப்பநிலை குறையாது. வெப்பக் குறைப்பே நோக்கமெனில் திறன் வரம்பையோ உச்ச அதிர்வெண்ணையோ சேர்த்துத் தாழ்த்துதல் வேண்டும்.

பிழையும் நம்பகத்தன்மையும்

மின்னழுத்தம் குறையும்போது டிரான்சிஸ்டர்கள் நிலைமாற எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. கடிகாரத் துடிப்பு ஒன்றுக்குள் சமிக்ஞை உரிய இடத்தை அடையாவிட்டால், பிழையான மதிப்பே பதிவாகும். அப்பிழை இயக்கமுறைமையைத் தாக்கினால் கணினி நின்றுவிடும். பயனரும் அதை உணர்வார். கணக்கீட்டைத் தாக்கினாலோ நிரல் தொடர்ந்து இயங்கித் தவறான விடையை அளிக்கக்கூடும்.

இது வெறும் கருதுகோளன்று. 2019 டிசம்பரில் வெளியான 'பிளண்டர்வோல்ட்' ஆய்வில், பர்மிங்காம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள், இன்டெல் செயலியின் மின்னழுத்தத்தை மென்பொருள் வழியே தாழ்த்திப் பெருக்கல் கட்டளைகளைப் பிழையான விடை தரச் செய்தனர். பாதுகாக்கப்பட்ட நினைவகப் பகுதியிலுள்ள மறைகுறியாக்கத் திறவுகோலையும் இவ்வழியில் மீட்க இயலும் எனக் காட்டினர். இதைத் தொடர்ந்து வந்த நிலைபொருள் திருத்தங்களால் மடிக்கணினிகள் பலவற்றில் இவ்வசதி பூட்டப்பட்டது. பழைய நிலைபொருளுக்குத் திரும்பி அப்பூட்டை நீக்குவது, அப்பாதுகாப்பையும் சேர்த்து நீக்குவதாகும்.

ஆகவே, சோதனை முறை கவனத்திற்குரியது. மின்னழுத்தத்தை ஒரே அடியாகத் தாழ்த்தாமல் 10 மில்லிவோல்ட் போன்ற சிறு படிகளாகத் தாழ்த்தலாம். ஒவ்வொரு படியிலும், விடைகளை முன்னறிந்த மதிப்புகளுடன் ஒப்பிடும் 'பிரைம்95' போன்ற சோதனைகளை இயக்கலாம். முழுச்சுமையில் மட்டுமன்றி, ஓரிரு கருவங்கள் உச்ச வேகத்தில் இயங்கும் குறைந்த சுமையிலும், உறக்கநிலையிலிருந்து மீளும்போதும் சோதிப்பது தேவை. விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழைகள் பதிவாகியுள்ளனவா என்றும் நோக்க வேண்டும். பிழை தென்பட்ட எல்லையிலிருந்து சில படிகள் மேலேற்றி நிலைநிறுத்துவதே முறை. ஆய்வுக்குரிய இறுதிக் கணக்கீட்டை உற்பத்தியாளர் அமைத்த மின்னழுத்தத்தில் மீண்டும் ஒருமுறை நிகழ்த்தி ஒப்பிடுவது நலம்.

முடிவுரை

மின்னழுத்தக் குறைப்பு செலவின்றி வெப்பத்தையும் விசிறியின் இரைச்சலையும் தணிக்கவல்லது. எனினும் அது பாதுகாப்பு இடைவெளியைச் சுருக்கியே அப்பயனைத் தருகிறது. பொழுதுபோக்குப் பயன்பாட்டில் இதனால் நேரும் இழப்பு, பெரும்பாலும் கணினியை மீண்டும் தொடங்குவதோடு முடிந்துவிடும். ஆய்வுப் பயன்பாட்டிலோ, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிழை முடிவுகளையே மாற்றிவிடக்கூடும். ஆதலால், தாழ்த்தப்பட்ட மில்லிவோல்ட்டின் அளவைவிட, சரிபார்க்கப்பட்ட விடைகளே இம்முறையின் வெற்றிக்கு உரைகல்லாகும்.