பூத்தையல் நூற்கண்டு பிரியாதிருக்கும் வழி

பூத்தையல் பழகுவோர்க்கு ஊசியினும் பெருந்தொல்லை தருவது நூற்கண்டேயாம். பெட்டியைத் திறந்தால் பல நிற நூல்களும் பின்னிக் கிடக்கும். சிக்கெடுக்கப் பொறுமையின்றிக் கத்தரியை எடுக்கின்றோம். வெட்டி எறிவது காசன்றோ! இஃது அற்பப் பொருளென ஆடவர் சிலர் நகைக்கலாம். சட்டைப் பொத்தான் அறுந்த அன்று அவரும் நூல் தேடுவர்.

பருத்தி நூலில் நுண்மயிர்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றுதலின் கண்டு எளிதிற் பிரியாது. 1892-இல் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர் மூவர் உரிமை பெற்ற விஸ்கோஸ் முறையால் ஆகும் ரேயான் நூலோ நீண்ட இழைகளால் ஆயது. மயிரின்மையால் பளபளக்கும், அதனாலேயே வழுக்கும்.

ரப்பர் வளையம் இடுவோர் பலர். வேலூர் வெயிலில் அது இளகி நூலில் ஒட்டிக்கொள்ளும். பசைத்தாளும் கறை வைக்கும். உருளையின் விளிம்பிற் கீறி முனையைச் செருகுதல் நன்றே. கீறல் சொரசொரப்பாயின் நூல் அறும்.

பள்ளிகொண்டா, ஆம்பூர்ப் பக்கங்களில் வாழும் நமக்குத் தோல் நறுக்குகள் அரியன அல்ல. மெல்லிய துண்டொன்றைக் கண்டின் சுற்றளவினும் இரண்டு விரற்கடை நீளமாக நறுக்கி, ஒரு முனையருகே சிறு கீறலிட்டு, நூல்மேற் சுற்றி, மறுமுனையைக் கீறலில் நுழைத்து இழுத்தல் போதும். வழவழப்பான மேற்புறமன்று, சொரசொரப்பான உட்புறமே நூலிற் படவேண்டும். சாயமேற்றிய தோல் ஆகாது. வெண்ணூலில் நிறம் ஏறிவிடும். தைக்கும்பொழுது பட்டையைக் கழற்றிக் கத்தரிப் பிடியில் மாட்டிவைப்பின் தொலையாது.