கோழித்தோல் கேட்டு வந்த கடிதம்

கோழித்தோல் வேண்டும் என்று கேட்டு ஒருவர் கடல் கடந்து கடிதம் எழுதினார் என்றால் நம்புவீர்களா? எழுதியிருக்கிறார். அதுவும் சாமானியப்பட்டவர் இல்லை. உயிரினங்கள் எப்படி மாறி மாறி வந்தன என்று உலகத்துக்கே சொன்ன சார்லஸ் டார்வின்தான் அவர். 1856 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்திலிருந்து (பெயர்தான் டவுன், ஊர் சின்னக் கிராமம்!) அந்தக் கடிதம் நம் சென்னைக்குப் புறப்பட்டது. யாரும் அதிகம் போகாத இடங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் கோழி, புறா, முயல் எதுவானாலும் சரி, தோலைப் பதப்படுத்தி அனுப்ப முடியுமா என்பதுதான் விஷயம்.

கடிதத்தைப் பெற்றவர் வால்டர் எலியட். அப்போது சென்னை கவர்னருடைய ஆலோசனைக் குழுவில் ஓர் அங்கத்தினர். முந்தின வருஷம் கிளாஸ்கோ நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் இரண்டு பேரும் பேசிப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் டார்வின் கேட்டார்.

இந்த எலியட் யாரோ எவரோ என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1803-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பதினெட்டு வயசில் கம்பெனி உத்தியோகத்துக்குச் சென்னை வந்து, தமிழும் இந்துஸ்தானியும் நன்றாகப் படித்ததற்காக 1000 வராகன் பரிசு வாங்கியவர். அதன் பிறகு 1823-ல் அவருக்குக் கிடைத்த முதல் வேலை எது தெரியுமா? சேலம் கலெக்டருக்கு உதவியாளர்! நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது, 1997-ல்தானே பிரித்தார்கள்? இங்கே அவர் அதிக நாள் இருக்கவில்லை. சீக்கிரமே தார்வார் பக்கம் மாற்றிவிட்டார்கள். போன சூட்டோடு 1824-ல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையிடம் கைதியாகச் சிக்கிச் சில வாரங்கள் அடைபட்டுக் கிடந்தார். ராணியின் கையில் அகப்பட்டவர் உயிரோடு வெளியே வந்ததால்தான் பின்னால் டார்வினுக்குக் கோழித்தோல் கிடைத்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஏற்காட்டு மலையில் மூங்கில் அணத்தான் என்று ஒரு பிராணி உண்டு. பார்க்க அச்சு அசல் அணில் மாதிரியே இருக்கும், ஆனால் அணில் இல்லை; மூஞ்சி நீளம், தின்பது பூச்சி. 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் இந்த மலையிலேயே அதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானத்தில் அதற்குப் பெயர் ‘அனத்தானா எலியோட்டி’. முதல் பாதி நம் ஜனங்கள் சொல்லும் அணத்தான், பின்பாதி இந்த எலியட். தமிழ்ப் பேச்சுச் சொல்லும் துரையின் பெயரும் ஒரே பிராணியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன!

சரி, டார்வினுக்குக் கோழி எதற்கு? இது நமக்குத்தான் சுலபமாகப் புரியும். நன்றாக முட்டையிடும் கோழியை அடைக்கு விடுகிறோம். குஞ்சை மிதித்துக் கொல்லுகிற, கூடு விட்டுக் கூடு போய் முட்டையிடுகிற கோழியை விருந்தாளி வந்த அன்றைக்குக் குழம்பில் போட்டுவிடுகிறோம். இதைப் பாட்டி செய்தாள், அம்மா செய்தாள், நாமும் செய்கிறோம். நூறு தலைமுறை இப்படியே போனால் கோழியின் குணமும் உருவமும் நம் இஷ்டப்படி மாறிவிடும். மனிதர் கையால் இவ்வளவு மாறும் என்றால், காட்டில் இயற்கையே பொறுக்கி எடுத்தால் எவ்வளவு மாறும் என்பதுதான் டார்வினுடைய வாதம். அதற்குச் சாட்சியாகத்தான் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வீட்டுப் பறவைகள் அவருக்கு வேண்டியிருந்தன. புறாவுக்காக லண்டனில் இரண்டு புறா சங்கங்களில் அங்கத்தினராகச் சேர்ந்தார். காசுக்குக் கிடைத்த ஜாதியையெல்லாம் வாங்கி வீட்டிலேயே கூண்டு வைத்தார். செத்த புறாவை வேகவைத்து எலும்பெடுத்தபோது அந்த நாற்றம் அவருக்கே குமட்டிக்கொண்டு வந்ததாம். பத்துப் பிள்ளை பெற்று அதில் மூன்றைப் பறிகொடுத்த அவர் மனைவி எம்மா இதையெல்லாம் எப்படிச் சகித்துக்கொண்டாரோ! நம் வீட்டில் கருவாடு வறுத்தாலே என்னவர் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறார்.

அந்தக் காலத்தில் தோல் அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. இறகு கலையாமல், அலகும் காலும் தோலோடு இருக்கும்படி உரித்து, பாஷாணம் கலந்த சோப்பை உள்பக்கம் தடவி, பஞ்சடைத்து, வண்டு அரிக்காமல் பெட்டியில் கட்ட வேண்டும். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் கடிதம் எழுதிப் பதில் வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். இருந்தும் எலியட் ஏராளமான தோல்களை அனுப்பினார். 1770-ல் காலமான சையத் முகமது முசாரி என்பவர் புறாக்களைப் பற்றி எழுதிய கையெழுத்துப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பையும் டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார்.

கல்கத்தாவிலிருந்து இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஏஷியாடிக் சொஸைட்டி மியூசியத்தில் வேலை பார்த்த எட்வர்ட் பிளைத். இருபது வருஷம் சம்பள உயர்வே பார்க்காத மனிதர். 1857-ல் மனைவியையும் இழந்தார். ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் பக்கம் பக்கமாகப் போகும். வீட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று அவர் அடித்துச் சொன்னார். அவர் அபிப்பிராயத்தை மற்ற எவருடையதைவிடவும் பெரிதாக மதிப்பேன் என்ற அர்த்தத்தில் டார்வினே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

1859-ல் வெளிவந்த அந்தப் பிரசித்தி பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இந்தியாவிலிருந்து தோல் அனுப்பிய எலியட்டுக்கு நன்றி இருக்கிறது. 1868-ல் வந்த வீட்டுப் பிராணிகள் பற்றிய இரண்டு பாகப் புத்தகத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் பூச்சி தின்னும் செடிகளை வீட்டில் வைத்துக் கவனித்த மேரி ட்ரீட் என்ற பெண்மணியின் பெயரையும் இன்னொரு புத்தகத்தில் மறைக்காமல் போட்டிருக்கிறார். இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கோழியை வளர்த்தது யார்? துரை பங்களாவின் பின்கட்டில் உட்கார்ந்து தோலை உரித்தது யார்? நன்றி சொன்ன இடத்தில் அவர்கள் பெயர் இல்லை. டார்வினுடைய கடிதப் போக்குவரத்தில் கண்டெடுத்தவை மட்டும் 15,000-க்கு மேல். 1974-ல் ஆரம்பித்து 30 தொகுதிகளாகப் போட்டிருக்கிறார்கள். அத்தனையிலும் நம் பெண்பிள்ளை ஒருத்தி எழுதியது ஒன்றாவது இருக்குமா?

எலியட்டின் கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன். வயசான காலத்தில் அவருக்குக் கண் போய்விட்டது. 1887 மார்ச் முதல் தேதி காலையில் ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை உயிர் பிரிந்தது. அந்தக் கடிதம் யாருக்கு? நம் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி. யு. போப்புக்கு, குறள் பதிப்பைப் பற்றி! சேலத்தில் வேலை பார்த்த பிள்ளைக்குத் தமிழ் கடைசி மூச்சு வரை விடவில்லை.

இப்போது நம் நாமக்கல்லுக்கு வருவோம். தினமும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊர் இது. பண்ணையில் நிற்கிற வெள்ளைக் கோழியின் காலைப் பாருங்கள், மஞ்சளாக இருக்கும். ‘லெகார்ன்’ என்று இத்தாலிப் பெயர் கொண்ட வம்சம். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? கால்நடை மருத்துவம் படிக்கிற என் மகள்தான் எனக்கு விளக்கினாள். சிவப்புக் காட்டுக்கோழியிடம் இந்த மஞ்சள் தோலுக்கான பரம்பரைக் கூறு இல்லையாம். 2008-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்ததில், அது பெரும்பாலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. சாம்பல் காட்டுக்கோழி எங்கே இருக்கிறது? நம் தென்னாட்டு மலைகளில்! அதை வீட்டுக்கோழியோடு சேர்த்துப் பிறந்தவை பெரும்பாலும் மலடாகவே போகின்றன என்று கண்டு, அதற்குப் பங்கில்லை என்று டார்வின் ஒதுக்கிவிட்டார். சிவப்புதான் மூதாதை என்றது சரி. அது முதலில் மனிதரோடு பழகியது பர்மா, வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனப் பக்கமாக இருக்கும் என்று 2020-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. ஆனால் வழியில் எங்கோ நம் மலைச் சேவல் ஒன்று வேலியைத் தாண்டி வந்து தன் மஞ்சளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இதை என் மாமியாரிடம் சொன்னபோது அத்தை ஆச்சரியமே படவில்லை. "அட போ கண்ணு, மலையடிவாரத்துல கட்டுத்தறியில மேயற கோழிகிட்ட காட்டுச் சேவல் வந்து சேருறது எங்களுக்குத் தெரியாததா? முட்டை எறங்கற கோழிக்கு மஞ்சக் காலு வெளுத்துப் போயிரும், அது தெரியுமா உம் மவளுக்கு?" என்றார். மகள் வாயடைத்துப் போனாள். அது பாடத்திலேயே இருக்கிறதாம். காலில் இருக்க வேண்டிய மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால்தான் கால் வெளுக்கிறது!

ராசிபுரம் பக்கம் அத்தை வீட்டில் நாற்பது வருஷம் ஒரே வம்சத்துச் சிறுவிடைக் கோழி இருந்தது. எந்தச் சேவல் எந்தப் பேட்டுக்குப் பிறந்தது, எது எத்தனை முட்டைக்கு அடை உட்காரும், பருந்து வந்தால் எது எதிர்த்து நிற்கும் என்று எல்லாம் மனப்பாடம். ஒரு கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் அத்தனையும் போய்விட்டது. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தை அன்று சாப்பிடவில்லை. பிறகு சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று சொல்லி வாங்கிவந்தது பாதி பண்ணைக் கலப்பு, அடைக்கே உட்காரவில்லை. அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயசு. சொல்லச் சொல்ல மகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், பாதி நோட்டு ஆகிவிட்டது.

அதனால் டார்வின் மாதிரி நானும் கேட்கிறேன். தோல் வேண்டாம், விவரம் போதும். சேலம், நாமக்கல் பக்கத்துச் சகோதரிகள் யார் வீட்டிலாவது கலப்பில்லாத சிறுவிடையோ பெருவிடையோ இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். காலும் தோலும் என்ன நிறம், கொண்டை ஒற்றையா தட்டையா, ஓர் ஈட்டுக்கு எத்தனை முட்டை, வருஷத்தில் எத்தனை தரம் அடை, இருபத்தோரு நாளில் வைத்ததில் எத்தனை பொரித்தது, கழிச்சல் வந்த வருஷத்தில் எது தப்பியது, யாரிடமிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த வம்சம். மறக்காமல் அந்தக் கோழியை வளர்க்கிறவர் பெயரையும் எழுதுங்கள்.