மூன்று அறைக்கு ஒரே ஏ.சி. போதுமா?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது திருப்புட்குழி. அங்கே ஒரு குடும்பம் ஒரு கூடமும் இரண்டு படுக்கை அறைகளும் உள்ள வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்திரி வெயிலைச் சமாளிக்க அறைக்கொரு ஏ.சி. வாங்குவதா, அல்லது வெளியே ஒரே பெட்டியும் உள்ளே மூன்று பெட்டிகளுமாகச் செப்புக் குழாயால் இணைக்கும் 'மல்டி ஸ்பிளிட்' வாங்குவதா? உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்காமல் கீழிருந்து மேலே ஏற்றுவதுபோல, அது அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஆகவேதான் அதை வெப்பப் பம்பு என்கிறோம்.

எப்படி எடுக்கிறது? மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறதல்லவா? அதேபோல், உள்பெட்டிக் குழாயில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தத்தால் அது வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு, மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. 1 பங்கு மின்சாரம் செலவிட்டால் 3 அல்லது 4 பங்கு வெப்பத்தை இப்படி வெளியேற்றலாம்.

கிணறு ஆழமானால் மோட்டாருக்கு வேலை கூடும். வெளியே 40 டிகிரி, அறையில் 24 டிகிரி என்றால் 'ஆழம்' 16. ஆசைப்பட்டு 18-இல் வைத்தால் ஆழம் 22. போதாக்குறைக்கு, சுவர் வழியே உள்ளே கசியும் வெப்பமும் அதே அளவில் கூடுகிறது! இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெறும் ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்ததற்கு இதுவே காரணம்.

இந்த ஓட்டத்தைத் தலைகீழாகத் திருப்பும் வால்வு ஒன்று இருந்தால், அதே இயந்திரம் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து அறைக்குள் கொண்டுவரும். உதகமண்டலத்தில் அது பயன்படும். திருப்புட்குழியில் அதற்குக் காசு கொடுப்பது வீண்.

சரி, எத்தனை 'டன்' வாங்குவது? அந்தச் சொல் ஐஸ் வியாபாரத்திலிருந்து வந்தது. சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' பார்த்திருப்பீர்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஏரிகளிலிருந்து கப்பலில் வந்த ஐஸை அங்கேதான் சேமித்தார்கள். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுவே '1 டன்' திறன். கிலோவுக்கு 334 கிலோஜூல் என்று பெருக்கி, 86,400 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள், சுமார் 3.5 கிலோவாட் வரும்.

இனி நம் கேள்வி. மூன்று அறைக்கும் தலா 1 டன் என்றால் மொத்தம் 3 டன். ஆனால் பகலில் எல்லோரும் கூடத்தில். இரவில் படுக்கை அறைகளில். மூன்றும் சேர்ந்து ஓடும் நேரம் குறைவு. எனவே 2 டன் வெளிப்பெட்டியே மூன்றையும் கவனித்துக்கொள்ளலாம். இடமும் மிச்சம். மல்டி ஸ்பிளிட்டின் பலம் இதுதான்.

பலவீனம்? நள்ளிரவில் ஒரே ஒரு சிறிய அறை மட்டும் ஓடும்போது, பெரிய கம்ப்ரசரால் ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்க முடியாது. நின்று நின்று ஓடி மின்சாரத்தை வீணாக்கும். அதைவிட முக்கியம், அது பழுதானால் மூன்று அறையும் வெந்துபோகும். பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வரவேண்டிய ஊரில் இது சிறிய விஷயமல்ல. தனித்தனி ஏ.சி.யில் ஒன்று நின்றாலும் பாட்டி அடுத்த அறையில் படுத்துக்கொள்ளலாம். வெளிப்பெட்டிகள் வைக்கச் சுற்றிலும் இடமிருக்கும் கிராமத்து வீட்டுக்குத் தனித்தனியே வாங்குவதுதான் என் கட்சி. நகரத்து அடுக்குமாடியில் ஒரே ஒரு சிறு பால்கனிதான் இருக்கிறது என்றால், கட்சி மாற நான் தயார்.

எதை வாங்கினாலும், கணக்குப் போடுவதற்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்வது அந்தக் கான்கிரீட் தளந்தான். ஒன்றரை டன் என்று நினைத்த அறைக்கு 1 டன் போதும் என்றுகூடக் கணக்கு வரலாம்.