பேர் கூப்பிடாத பையனும் சவுக்குக் கிளையும்

அன்னூர் கடைவீதியில் கிறிஸ்துமஸ் மரம் மாறிய கதை

அன்னூர், டிச. 20–

கோவையில் இருந்து சத்தியமங்கலம் போகும் பஸ்சில் வந்து அன்னூரில் இறங்கினால், இந்த வாரம் ஒரு காட்சி கண்ணில் படும். பேன்சி ஸ்டோர் வாசலில் பச்சை மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு அடி மரம் உண்டு. ஆள் உயர மரமும் உண்டு. குடை மாதிரி மடக்கி அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். எல்லாம் பிளாஸ்டிக்.

"வாங்க வர்றவங்க எல்லாருமே கிறிஸ்தவங்கன்னு நெனைக்காதீங்க. பள்ளிக்கூடத்துல பாத்துப்போட்டு வந்து புள்ளைங்க அடம் புடிக்குதுங்க. நானே கல்லாப் பக்கத்துல ஒண்ணு வெச்சுட்டேன். மாரியம்மன் படத்துக்குக் கீழதான் நிக்குது" என்று சிரித்தார் கடைக்காரர்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்து சபைகளில் நின்ற மரம் வேறு. அதற்குப் பெட்டி கிடையாது. விலையும் கிடையாது. யாராவது தெரிந்தவர் தோட்டத்தில் "ஒரு கொப்பு வெட்டிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவார்கள். அதுதான் சவுக்கு!

ஊசி இலை மாதிரி ஒரு மரம்

மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் ஊசியிலை மரம்தான். குளிர் நாட்டில் வளருவது. நம்ம ஊர் வெயிலில் அது நிற்காது. அந்தச் சாயலில் சமவெளியில் சுலபமாகக் கிடைத்தது சவுக்குதான். பார்த்தால் ஊசி இலை. கீழே பொறுக்கினால் குட்டிக் குட்டிக் காய். வேறென்ன வேண்டும்?

ஆனால் உண்மையில் அது ஊசி இலை இல்லை. பச்சையாகத் தொங்குவது மெல்லிய கிளை. அதில் கணு கணுவாக இருக்கும் இல்லையா, அந்தக் கணுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் செதில்கள்தான் இலை. சின்ன வயதில் அந்தக் கணுவைப் பிய்த்து, திரும்பச் சொருகி, "எந்த இடத்துல உடைச்சேன், சொல்லு பாக்கலாம்" என்று விளையாடாதவர்கள் யார்?

சவுக்கு, தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வெளியில் இருந்து வந்த மரம். அந்தமான், மலேயா, ஆஸ்திரேலியா பக்கம் கடற்கரையில் தானாக வளருவது. வெள்ளைக்காரன் காலத்தில், 19–ம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணத்துக் கடலோரத்தில் தோப்பு தோப்பாக நட்டார்கள். அப்புறம் பந்தலுக்கு, கட்டிடச் சாரத்துக்கு, காகித ஆலைக்கு என்று உள்நாட்டுக்கும் வந்துவிட்டது. கோவை கௌலி பிரவுன் ரோட்டில் இருக்கும் வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சவுக்குக்கென்றே வீரிய ரகங்களை உருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நர்சரிகளில் 'எக்ஸ்மாஸ் ட்ரீ' என்று தொட்டியில் விற்பது வேறு ஒன்று. அடுக்கடுக்காக, கோபுரம் மாதிரி போகும். அரக்கேரியா என்பது அதன் பெயர். ஊட்டியிலும் கோவையின் பழைய பங்களாக்களிலும் இதன் பெரிய மரங்களைப் பார்க்கலாம். இதில் 'குக் பைன்' என்று ஒரு வகை. கேப்டன் குக் பேரில் வந்தது. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது. 5 கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்து 2017–ல் விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையைச் சொன்னார்கள். இந்த மரம் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிறதாம்! நம்ம ஊரில் நட்டால் தெற்கே சாய வேண்டும். திசை தெரியாமல் நிற்கிறவர்கள் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிள் தொங்கிய மரம்

மரம் வைக்கும் பழக்கம் ஜெர்மனிக்காரர்கள் கொடுத்தது. அங்கே டிசம்பர் 24, ஆதாம் ஏவாள் நாள். அவர்கள் கதையை நாடகமாகப் போடும்போது, ஏதேன் தோட்டத்து மரத்துக்காக ஒரு பச்சை மரத்தை நிறுத்தி ஆப்பிளைத் தொங்கவிடுவார்கள். நம்ம ஊர்த் தெருக்கூத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த மரம் மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. 1605–ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வீடுகளில் மரம் வைத்து, காகித ரோஜா, ஆப்பிள், தின்பண்டம் எல்லாம் தொங்கவிட்டதாக ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு அன்னூரில் டஜன் கணக்கில் விற்கும் சிவப்புப் பந்து, அந்த ஆப்பிளின் பேரன்தான்.

மார்ட்டின் லூத்தர்தான் முதல் முதலில் மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆதாரம் கிடையாது.

இங்கிலாந்தில் இது பரவியதற்கு ஒரு பத்திரிகைப் படம் காரணம். 1848–ல் விக்டோரியா மகாராணியும் அவருடைய ஜெர்மானியக் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் அச்சாகி வந்தது. அப்புறம் என்ன? ராணி வீட்டில் இருந்தால் நம்ம வீட்டிலும் இருக்க வேண்டாமா!

கத்தோலிக்கர்களுக்கு மரத்தைவிடக் குடில்தான் முக்கியம். அதற்கு வயது அதிகம். 1223–ல் இத்தாலியில் புனித பிரான்சிஸ் ஆரம்பித்தது. வாட்டிகன் புனித ராயப்பர் சதுக்கத்திலேயே மரம் வந்தது 1982–ல்தான். நம்ம பக்கம் குடிலுக்குப் பத்து நாள் முன்பே ராகியும் கடுகும் முளைக்கப் போட்டு, வயல் மாதிரி பச்சையாக வைப்பார்கள். பனிக்குப் பஞ்சு. சுற்றிலும் நூல் மில் இருக்கிற ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்!

"இந்தக் கை அப்பச் சுட்டதுதானுங்க"

அந்தப் பஞ்சுதான் வில்லன்.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தழும்பு.

"எனக்கு அஞ்சு வயசு இருக்குங்க. அப்ப ஊட்டுல கரண்ட் இல்ல. சவுக்குக் கொப்புல பஞ்ச ஒட்டி, மெழுகுவத்தி வெச்சிருந்தாங்க. நான் பொம்மைய எடுக்கக் கையை உட்டேன். மெழுகுவத்தி சாஞ்சுது. பொசுக்குன்னு பத்திக்கிச்சு. எங்கம்மா போர்வையப் போட்டு அமுக்கினாங்க. இல்லீன்னா இன்னைக்கு உங்ககிட்டப் பேசிட்டு இருப்பனா, கண்ணு?"

சவுக்கு பச்சையாக இருந்தாலே எரியும். விறகுக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். அதன் மேல் பஞ்சு, வர்ணக் காகிதம், நெருப்பு. கேட்கவா வேண்டும்?

மெழுகுவத்திக்குப் பதில் மின்சார பல்பு போட்டவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். 1882–ல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு எரியவிட்டார். அது நம்ம ஊருக்கு 'சீரியல் செட்' ஆக வந்தது. கிறிஸ்துமசுக்கும் அதுதான், மாரியம்மன் பண்டிகைக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான்.

பழைய செட்டில் 6 வோல்ட் பல்பு 38 கோத்தால் 230 வோல்ட்டுக்குச் சரியாக வரும். ஒன்று போனால் எல்லாம் போகும். உடனே நம்மவர்கள் என்ன செய்வார்கள்? போன பல்பை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி விடுவார்கள். இப்படி 5 பல்பை எடுத்தால் மீதி 33 பல்புக்கும் தலைக்கு 7 வோல்ட் ஆகிவிடும். சூடு ஏறும். அடுத்த பல்பு போகும். முறுக்கிய இடத்தில் டேப்பும் இருக்காது.

"இப்ப எல்.ஈ.டி., சூடு கம்மிதானுங்க. ஆனா மலிவு செட்டுல வயரு தலைமுடி மாதிரி இருக்குது. பிளக்குக்குப் பதிலா ரெண்டு வயரைத் தீக்குச்சி வெச்சுச் சொருகுறாங்க. ராத்திரி படுக்கறப்ப அணைக்கிறதே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார் வயரிங் வேலை பார்க்கும் ஒருவர்.

'மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்தது' என்று எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது. அந்த வார்த்தைக்குப் பின்னால் பாதி நேரம் இந்தத் தீக்குச்சிதான் இருக்கும் போலிருக்கிறது.

பேர் கூப்பிடுவாங்க

இனி அந்தப் பையன் விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கத்து சபைகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்றால் மரம் மட்டும் இல்லை. அது ஒரு நிகழ்ச்சி. அப்பா அம்மா முன்கூட்டியே ஒரு பொட்டலம் கட்டி, பிள்ளை பேர் எழுதிக் கமிட்டியில் கொடுத்துவிட வேண்டும். பொட்டலம் எல்லாம் மரத்தில் தொங்கும். கனமாக இருந்தால் அடியில் கிடக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா பஞ்சுத் தாடியோடு வந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பிள்ளை ஓடிப்போய் வாங்கிக்கொள்ளும்.

அன்னூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர், வயது 60–க்கு மேல், பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அப்ப எட்டு வயசுங்க தம்பி. எங்கய்யன் மில்லுல வேலை. அந்த வருஷம் மில்லு மூடிக் கெடந்துது. எனக்கு அதெல்லாம் தெரியாது. சட்டையத் தொவைச்சுப் போட்டுட்டு மொத வரிசையில உக்காந்துட்டேன். ஒவ்வொரு பேரா வந்துது. எம் பேர் வருமுன்னே பாத்துட்டு இருக்கறேன். கடைசிப் பொட்டலமும் போச்சுங்க. தாத்தா பையை ஒதறிக் காட்டிப்போட்டுப் போயிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அது வேடிக்கைக்குப் பண்ணுனது. எனக்கு மட்டும்..."

டியூபைத் தண்ணீரில் முக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கம்மா ஒண்ணுமே பேசல. மரத்துல ஒரு சிட்டை ஒடிச்சுக் கையில குடுத்தாங்க. வழியெல்லாம் கணுவப் பிச்சுப் பிச்சு ஒட்டி, 'எங்க ஒடிச்சேன் சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே நடந்தாங்க. ஊடு வர்ற வரைக்கும் நாஞ் சொல்லிக்கிட்டே வந்தேன்."

அந்த சபையின் பேரைக் கேட்டேன். "அதெதுக்குங்க? அவங்களும் ஏழைப்பட்டவங்கதான். யாரும் வேணும்னு பண்ணல" என்று சொல்ல மறுத்துவிட்டார்.

கடை தொடங்கிய வருஷத்தில் இருந்து அவர் ஒரு காரியம் செய்து வருகிறார். டிசம்பரில் பென்சில் பாக்ஸ், பந்து, ரிப்பன், சட்டைத்துணி என்று வாங்கிப் பொட்டலம் கட்டுகிறார். பேர் எழுதுவதில்லை. சபையில் ஒருவர் மட்டும் வாசலில் நின்று, எந்தப் பிள்ளை பேர் பட்டியலில் இல்லை என்று பார்த்து வைத்துக்கொள்வார். அந்தப் பேரை அங்கேயே பேனாவால் பொட்டலத்தில் எழுதி, நடுவில் சொருகி விடுவார்கள். கடைசியில் கூப்பிட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

"மரம் இப்ப பிளாஸ்டிக்குதானுங்க. சவுக்குக்கு யாரு அலையறது? அது காஞ்சா வெந்நீர் அடுப்புக்காவது ஆகும். இது அதுக்கும் ஆகாது" என்றார்.

இந்த வருஷம் எத்தனை பொட்டலம் என்று கேட்டேன். ஸ்டூலுக்கு அடியில் இருந்த சாக்கைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"பதினொண்ணு. போன வருஷம் ஒம்பது கட்டினேன், ஒண்ணு பத்தாமப் போச்சு. எம் பேத்தி பொட்டலத்தை எடுத்துக் குடுத்துட்டோமுங்க. அவ இன்னும் என்கூட அதுக்குச் சண்டை போட்டுட்டு இருக்கறா."