கறவை மாட்டின் வயிறும் கடைப் பொடியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில் நெல்லும் வாழையும்தான் முக்கியப் பயிர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் போர் எழும்பும். ஒன்றிரண்டு கலப்பின மாடு வைத்திருப்பவருக்கு ஆண்டு முழுவதும் அதுவே கை கொடுக்கும் தீவனம். தார் வெட்டிய வாழையின் தண்டையும் நறுக்கிப் போடுவார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மாடு வயிறு புடைக்கத் தின்று படுத்திருக்கும். பால் மட்டும் ஏறாது. அப்போதுதான் திருச்சிக் கடைகளில் விற்கும் பொடிகளின் மேல் கண் போகிறது.

வாங்குமுன் மாட்டின் வயிற்றில் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மாடு தின்றதை முதலில் செரிப்பது மாடு அன்று. ரூமென் எனப்படும் பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். இவை நார்ப்பொருளைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. மாட்டுக்கு வேண்டிய எரிசக்தியில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்புக்கு உதவுகிறது. புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து மடியில் பால் சர்க்கரை உருவாகிறது. பாலின் அளவை நிர்ணயிப்பது அதுதான். நுண்ணுயிர் பட்டினி கிடந்தால் மாடும் பட்டினிதான்.

நெல் வைக்கோலில் புரதம் சுமார் நான்கு சதவீதமே. நுண்ணுயிர்கள் பெருக இது போதாது. இந்தக் குறையைத் தீர்க்கும் மலிவான சேர்க்கை உரக்கடை யூரியாதான். 25 கிலோ வைக்கோலுக்கு ஒரு கிலோ யூரியாவைச் சுமார் 15 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிப் பூவாளியால் தெளித்து, நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் பாலிதீன் தாளால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். வெளிப்படும் அம்மோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. புரதமும் ஏழு சதவீதம் அளவுக்கு உயர்கிறது. வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நெடி போக ஆறவிட்டு, முதலில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் கூடவே வேண்டும். சக்தி இல்லாமல் நுண்ணுயிரால் அம்மோனியாவைப் பயன்படுத்த முடியாது.

ஆனால் யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியிலோ தவிட்டிலோ கைக்கு வந்தபடி கலக்கவே கூடாது. அளவு மீறினால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி, மாடு நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பிச் சிறிது நேரத்திலேயே சாகக்கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசல் தயாரித்த வாளியை மாடு நக்கும்படி விட்டுவைப்பதும் ஆபத்து.

வைக்கோலில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் தாது உப்புக் கலவை கட்டாயம். 1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதைத் தயாரித்து வழங்குகிறது. திருச்சியிலும் அதன் மையம் உண்டு.

மோனென்சின் என்ற மருந்தைப் பலர் விசாரிக்கிறார்கள். இது புரோப்பியானிக் அமிலத்தைக் கூட்டி, வீணாகும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும். அமெரிக்காவில் 1975 முதல் மாட்டுத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளோ வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இத்தகைய மருந்து சேர்ப்பதை 2006-இல் நிறுத்திவிட்டன. குதிரை தின்றால் அதற்கு விஷம். வைக்கோல் தின்னும் இரண்டு மாட்டுக்கு, மருத்துவர் சொல்லாமல் இதை நாட வேண்டிய அவசியமே இல்லை.

ஈஸ்ட்டும் சமையல் சோடாவும் அடர்தீவனம் மிகுதியாகத் தின்னும் மாட்டுக்குப் பயன்படும். கல்யாணப் பந்தியில் மீந்த சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுச் சோடாவை நம்புவது வேறு கதை. சோறு வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகி, நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். அசை நின்று, கழிச்சல் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தாக வேண்டும்.